மூன்றாவது கூடாரத்து வாசிப்பு

மூன்றாம் நாள் மத்தியானம் ஆகும்போது என் வாயில் ஒரு மொழியும் மிச்சம் இருக்கவில்லை. இலக்கிய விழா, கேட்க வருகிறவர்களுக்குத்தான் விழா. மொழிபெயர்க்கிறவளுக்கு அது நாள் முழுக்க உடுப்புத் தோய்க்கிற மாதிரி ஒரு வேலை. ஆங்கிலத்தில் ஒருவர் பகிடி விடுவார், நான் அதைத் தமிழில் விட்டு ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டும். சிங்களத்தில் ஒருவர் கோபப்படுவார், அந்தக் கோபத்தை ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்ல வேண்டும். பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கொண்டக்டர் எங்கே இறங்குகிறது என்று கேட்டால், எந்த மொழியில் கேட்டார் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். "அக்காவுக்கு இறங்க விருப்பமில்லைப் போல" என்று ஒருநாள் ஒருவன் சொன்னான். அதுவும் சரிதான்.

இதற்கென்று நான் படித்தவள் இல்லை. காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வருஷக்கணக்காக நின்றவள். சிங்களம் வாடிக்கைக்காரரிடம் இருந்து வந்தது. ஆங்கிலம், கலியாணத்துக்குக் கூறைப்புடைவை எடுக்க வெளிநாட்டில் இருந்து வந்த பெட்டைகளிடம் இருந்து வந்தது. அம்மாவோடு தமிழில் கதைப்பார்கள், அம்மாவைப் பற்றித் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு மடிப்பு விரித்துக் காட்டுவேன். ஆட்கள் கதைக்கிறதைக் கேட்கிறதுதான் என் படிப்பு முழுக்க. எங்கள் ஒழுங்கைக்கு வரும் மீன்காரி ஒருநாள், "மீன் பழசில்ல அக்கா, வெயில்தான் புதுசு" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காக அன்றைக்கு நான் அந்த மீனை வாங்கினேன். சமைத்ததைப் பூனை மட்டும்தான் சாப்பிட்டது.

விழா கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டு வளவில் நடந்தது. மூன்று வெள்ளைக் கூடாரங்கள். வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கும் பேர்போனவர்களுக்கும் முதலாவது. நடுத்தரமானவர்களுக்கு இரண்டாவது. மூன்றாவது பின்னுக்கு, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். தமிழுக்கு வருஷா வருஷம் ஒரேயொரு அமர்வு, அது எப்போதும் மூன்றாவது கூடாரத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. நித்திரை தூங்குகிறவர்களும் சொந்தக்காரரும் வருகிற நேரம் அது. இதைப் பற்றி முந்தி எனக்குக் கோபம் வரும். இப்போது அலுப்பு மட்டும் வருகிறது.

இந்த வருஷம் அந்த அமர்வில் கதை வாசிக்கக் கொட்டாஞ்சேனை அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைக்கு லைனிங் துணி வாங்க வந்து எனக்குப் பழக்கமானவர். வீட்டில் இருந்து பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களில் கதை எழுதுகிறார். மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து, பேப்பரில் தன் கதை வந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவாராம். புருஷன் அதைத் தூக்கிப் பார்த்து, "என்ட மனிசி பேர் வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டுக்குக் காட்டிவிட்டு வருவார். பேரோடு சரி, கதையை ஒருநாளும் வாசித்ததில்லை. இப்போது சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி, வாசிக்கவும் முடியாது. டீவியைக்கூடக் காதால்தான் பார்க்கிறார்.

ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லி அக்கா கதையைத் தந்தபோது ஒரே இருப்பில் வாசித்தேன். வேலை போன ஒரு மனிதன். அதை மனைவிக்குச் சொல்லாமல் ஒவ்வொரு நாள் காலையும் ஸ்திரிக்கை போட்ட சேட்டோடு, சாப்பாட்டுப் பெட்டியும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி வெளிக்கிடுகிறான். மனைவிக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டாமல் ஒவ்வொரு காலையும் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"உண்மையா அக்கா?" என்று கேட்டேன்.

"கதை" என்றார். ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டு, "உண்மைதான்" என்றார்.

அவருடைய புருஷன் துறைமுகத்தில், கப்பலில் இருந்து சாமான் இறக்குகிற ஒரு கொம்பனியில் இருந்தவர். கொம்பனியை மூடிவிட்டார்கள். வத்தளையில் ஒரு ஸ்டோரில் வேறு வேலை கிடைக்கும்வரைக்கும் அப்படித்தான் நாள் போனதாம். பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. மனைவிக்குத் தெரியும் என்பது அன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

"அந்த நேரமே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அவரு ஒரு பொய் சொல்லணும். பொய் சொல்லாத மனுசன். அவர பொய் சொல்ல வைக்கிற பாவம் எனக்கெதுக்கு?"

"இவ்வளவு காலம் விட்டதை இப்ப ஏன் கிளறுறீங்கள்?"

அக்கா தைக்கிறதை நிறுத்தினார். "போன மாசம் கிளினிக்கில நம்பர் வரும் வரைக்கும் இருக்கிறம். சும்மா சொல்றாரு, 'உனக்கு நான் ஒண்டும் ஒளிச்சதில்ல, ஒண்டத் தவிர' எண்டு. என்னண்டு கேட்டன். விடு எண்டாரு. எத்தின வருசம் தங்கச்சி! இன்னும் சுமக்கிறாரு. நான் இறக்கி வைக்கணும்."

"அப்ப வீட்டில இருந்து வாசிச்சுக் காட்டுங்கோவன்."

"வீட்டிலயா? ரெண்டு வரி போக விளங்கிரும், எழும்பிப் போய் டீவியப் போட்டிருவாரு. அங்க எண்டா அத்தின பேருக்கு நடுவில எழும்ப ஏலாதுதானே."

இப்படிப் பொறி வைத்துப் புருஷனுக்கு மன்னிப்புக் கொடுக்கிற பெண்ணை நான் கண்டதில்லை. சரி என்றேன். ஒரு பந்தி அவர் தமிழில் வாசிக்க, அதே பந்தியை நான் ஆங்கிலத்தில் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றில் இருந்து ஒரு பெண் வந்திருந்தார். தமிழ்க் கதைகள் தேடுகிறாராம், எங்கள் அமர்வுக்குக் கட்டாயம் வருவதாக என்னிடம் சொல்லியிருந்தார். அதையும் அக்காவிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாசிப்பு அன்றைக்குக் காலையில் மழை பெய்து, பிறகு வெயில் எறித்தது. கூடாரத்துக்குள் புல்லில் இருந்து ஆவி கிளம்பி, இட்லிச் சட்டிக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் (அக்காவின் புருஷனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) மூன்றாவது வரிசையில், குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு இருந்தார். வெள்ளைச் சேட். அக்காவின் கைவேலை, கொலர் விறைப்பாக நின்றது.

"அண்ணன், சாப்பிட்டனீங்களா?"

"சாப்பிட்டம், சாப்பிட்டம். இது எவ்வளவு நேரம் போகும்? எல்லாரும் இங்கிலிசிலயா கதைப்பாங்க?"

"அக்கா தமிழிலதான் வாசிப்பா."

"அவ வாசிக்கிறதக் கேக்கத்தான் வந்தது. மத்தவங்கள நீங்களே வச்சுக்கொள்ளுங்க."

பதிப்பகப் பெண் முன் வரிசையில் வந்து இருந்தார். எல்லாம் சரி என்று நினைத்தேன். தலைவரை மறந்துவிட்டேன்.

எங்கள் அமர்வின் தலைவர் நல்ல மனிதர். கொழும்பில் இருக்கிற தமிழ்ச் சங்கங்களில் பாதிக்கு அவர்தான் தலைவர், மீதிக்கு முன்னாள் தலைவர். அவருக்குக் கூட்டம் என்றால் ஒரு முறை இருக்கிறது. விளக்கேற்றாமல், மௌனம் இருக்காமல், வரவேற்காமல், பொன்னாடை போர்க்காமல் ஒருவர் வாய் திறந்தால் அவருக்கு அது சந்தைக் கதை. கவிதைப் புத்தக வெளியீட்டில் விருந்தாளி பேசி முடிய, கவிஞர் எழும்பி நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனதை நாங்கள் எல்லோரும் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். எங்கள் மண்டபங்களில் அது பரவாயில்லை, காவலாளி வந்து லைட்டை நூர்க்கும்வரைக்கும் நேரம் எங்களுடையது. இங்கே எங்களுக்குப் பிறகு அதே கூடாரத்தில் ஒரு பேர்போன நாவலாசிரியர் பேச இருந்தார். முதலாவது கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறியதால் அவரையும் இங்கே மாற்றியிருந்தார்கள். அவருடைய ஆட்கள் இப்போதே பின்னுக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

தலைவர் ஒரு பையில் இருந்து குத்துவிளக்கைத் துண்டு துண்டாக எடுத்துப் பூட்டினார். போத்தலில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். விழாவை நடத்துகிற அம்மா ஓடிவந்தார். "கூடாரத்துக்குள்ள நெருப்பா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலைவரிடம் சொன்னேன். "சின்னத் திரிதான் எண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்றார் அவர். ஃபேன் காற்றுக்குத் திரி நூர்ந்தது. ஃபேனை நிற்பாட்டினார்கள். ஐந்து திரிக்கும் ஐந்து பேரை மேடைக்குக் கூப்பிட்டார். ஐந்தாவது ஆள் வாசலில் ஃபோன் கதைத்துக்கொண்டு நின்றதால் காத்திருந்தோம். அண்ணன் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

பிறகு மறைந்த எழுத்தாளர்களுக்காக மௌனம். அந்த மௌனத்தில் ஜெனரேட்டர் மட்டும் பேசியது. பிறகு வரவேற்புரை. வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, பட்டம் சொல்லி வரவேற்றார். நான் அத்தனையையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நின்றேன். பெருமதிப்புக்குரிய, பேரன்புக்குரிய, வணக்கத்துக்குரிய என்று தமிழில் எத்தனை படி இருக்கிறது! ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு படி. அதிலேயே எல்லோரையும் ஏற்றி இறக்கினேன்.

மேடையில் எங்களோடு, பனி கொட்டுகிற ஒரு நாட்டில் இருந்து வந்த வயதான எழுத்தாளரும் இருந்தார். சர்வதேச விழா என்பதால் ஒவ்வொரு அமர்விலும் ஒரு வெளிநாட்டவர் இருக்க வேண்டுமாம். அவர் என் காதோரம் குனிந்து, "இது யாருடைய கவிதை?" என்று கேட்டார்.

"கவிதை இல்லை ஐயா, வரவேற்கிறார்" என்றேன்.

"இன்னும்?"

"இன்னும்."

பொன்னாடைக்கு வந்தோம். கொண்டுவந்தது போதவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் பிந்தி வந்து முன்னுக்கு இருந்துவிட்டார், அவரை விட்டால் கோபிப்பார். அதனால் முதலில் போர்த்திக்கொண்டவரிடம் இருந்து ஒன்றைக் கழற்றி வாங்கி இவருக்குப் போர்த்தார்கள். இதை எங்கள் ஆட்கள் ஒரு சின்னச் சிரிப்போடு செய்து முடிப்பார்கள், கழற்றிக் கொடுத்தவரும் கோபிக்க மாட்டார். ஆனால் வெளிநாட்டு எழுத்தாளருக்குப் போர்த்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. தன்னுடைய நாட்டில் ஒரு குளிர்காலத்தில் இறந்துபோன தமையனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நல்ல பேச்சு. உண்மையாகவே நல்ல பேச்சு. வசனம் வசனமாக அதைத் தமிழாக்கிக்கொண்டே நான் அக்காவைப் பார்த்தேன். தாள்களை மடியில் வைத்து, மேல் தாளின் மூலையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

அவர் பேசி முடித்து இருக்க, விழா அம்மா கூடாரத்தின் பக்கத்தில் நின்று மஞ்சள் மட்டையைத் தூக்கிக் காட்டினார். நேரம் முடியப் போகிறது என்று அர்த்தம். பின்னுக்கு நின்ற சனம் ஓரக் கதிரைகளில் பைகளை வைக்கத் தொடங்கியிருந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் பக்கம் குனிந்து, மைக் போட்டிருப்பதை மறந்து, "தங்கச்சி, நேரம் காணாது. கதையைச் சுருக்கமாச் சொல்லுங்கோ" என்றார்.

கூடாரம் முழுக்கக் கேட்டது. அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

அக்கா எழும்பினார். என்னைப் பார்த்தார், முன் வரிசையில் இருந்த பதிப்பகப் பெண்ணைப் பார்த்தார், மூன்றாவது வரிசையைப் பார்த்தார். நான் ஆங்கிலத் தாள்களோடு எழும்பினேன்.

"நீங்க இருங்க தங்கச்சி" என்றார் மெதுவாக. "நான் மட்டும் வாசிக்கிறன். ரெண்டு பேரும் வாசிச்சா பாதிக்கும் வர ஏலாது."

"அந்தப் பெண்ணுக்கு விளங்காதே அக்கா. உங்களுக்காகத்தான் வந்தவ."

"விளங்க வேண்டியவருக்கு விளங்கும். இருங்க."

நான் இருந்தேன். பல நாள் பகல் முழுக்க இருந்து மாற்றிய தாள்கள் என் மடியில் கிடந்தன. கவலைப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கால் நோவுக்கு இருக்கக் கிடைத்தது சுகமாக இருந்தது.

அக்கா முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேரே இரண்டாவதில் தொடங்கினார். பெரிய குரல் இல்லை அவருக்கு. பூசையில் வாசகம் வாசிக்கிற பழக்கத்தில், வசன முடிவில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தார். காலையில் அந்த மனிதன் வெளிக்கிடுகிறான். மனைவி வாசலில் நின்று, மழை வரும் குடையைக் கொண்டுபோங்கள் என்கிறாள். கப்பல் வேலைக்குப் போகிறவனுக்குக் குடை எதற்கு என்று அவன் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு போகிறான். பின்னேரம் திரும்பி வந்து, இன்றைக்கு நல்ல வேலை என்கிறான். அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுக்கிறாள். மூடியைத் திறக்கும்போது அவளுடைய விரலில் மணல் படுகிறது. துறைமுகத்தில் எண்ணெய் இருக்கும், கரி இருக்கும், மணல் இல்லை. மட்டக்குளிக் கடற்கரை மணல். அவன் நாள் முழுக்க எங்கே போய் இருக்கிறான் என்று அவளுக்கு விளங்குகிறது. குழாயைத் திறந்து, அந்த மணலைக் கழுவி விடுகிறாள். அடுத்த நாளும் கழுவுகிறாள்.

நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழும்பவில்லை. குடையின் பிடியில் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் நாடியை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, "சும்மா இருங்க, கேக்கணும்" என்றார்.

கடைசிப் பக்கத்துக்கு வரும்போது சிவப்பு மட்டை தூக்கப்பட்டது. அக்கா அதைக் கண்டு, வசனத்தை முடித்து, தாளை மடித்து, "நன்றி" என்று சொல்லிவிட்டு இருந்தார். கை தட்டினார்கள். தலைவர் நன்றியுரைக்கு எழும்பினார், ஆனால் அதற்குள் மைக்கை நூர்த்துவிட்டார்கள். அவர் மைக் இல்லாமலே நன்றி சொல்லி முடித்தார். அடுத்த ஆட்கள் வந்து கதிரைகளில் இருந்துகொண்டே அதைக் கேட்டார்கள்.

பதிப்பகப் பெண் வெளியில் என்னைப் பிடித்தார். "அவருடைய குரல் எனக்குப் பிடித்தது. கதை எதைப் பற்றி?" என்று கேட்டார்.

"ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள்" என்றேன்.

"ஓ" என்றார். தாள்களை நீட்டினேன், ஈமெயிலில் அனுப்பச் சொன்னார், அதற்குள் யாரோ கூப்பிடப் போய்விட்டார். அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "அவவுக்கும் வேலை இருக்கும்தானே" என்றதோடு விட்டுவிட்டார்.

தேத்தண்ணி மேசையில் தலைவர் எங்களைப் பிடித்து வைத்துப் படம் எடுத்தார். "அருமையான வாசிப்பு, இன்னும் கொஞ்சம் நேரம் கிடைச்சிருந்தால்" என்று அக்காவிடம் கவலைப்பட்டார். அவர் பொய்க்குச் சொல்லவில்லை. நேரத்தை யாரோ வேறு ஆள் எடுத்துவிட்டதாகவே அவர் நினைத்தார். எடுத்தவர் அவர்தான் என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்தில் சமாதானத்துக்கு எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்திருக்கும்.

அண்ணன் படத்துக்கு வரவில்லை. கேற்றடியில் மரத்துக்குக் கீழே நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தோம். த்ரீவீலுக்கு ஃபோனில் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். அக்கா அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, மழை திரும்ப வரும்போல என்றேன்.

"மணல் எண்டு எழுதியிருக்க" என்றார் அண்ணன்.

"ஓம்."

"நான் தட்டிப்போட்டுத்தான் கொண்டு வாறது. ஒவ்வொரு நாளும். பஸ் ஏற முந்தி, கல்லில தட்டி, ஊதி."

"மூடிக்குள்ள ஒரு ரப்பர் இருந்துச்சே. அதுக்குள்ள போயிரும்."

"ரப்பருக்குள்ளயா?" என்றார். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையைப் பார்த்தார். "அது நான் கழட்டிப் பாக்கல்ல."

"ஆம்பிளைகள் எங்க கழட்டிக் கழுவுறது?"

"அப்ப முதல் நாளே தெரியுமா?"

"முதல் நாள் இல்ல. கொஞ்ச நாள் போய்."

"கள்ளி" என்றார் அண்ணன்.

"நானா? காலைல சேட்டு போட்டு, டாட்டா காட்டிட்டுப் போனது யாரு?"

"நீ ஏன் கேக்கல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?"

அவர் மூக்கை உறிஞ்சினார். கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றித் துடைத்தார். துடைத்தாலும் அவருக்குத் தெரியப் போவது அதே அளவுதான்.

த்ரீவீல் வந்து நின்றது. "கொஹாட்டத?" என்றான் டிரைவர், எங்கே போக வேண்டும் என்று. சிங்களத்தில் வழி சொல்கிறது எப்போதும் அண்ணன்தான். அவர் கேட்காத மாதிரி நிற்க, அக்காதான் "கொட்டஹேன" என்றார். அண்ணனின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.

"மிச்சப் பக்கத்தில என்ன இருக்கு?" என்று அவர் உள்ளே இருந்து கேட்டார்.

"ஒண்டுமில்ல. அதுக்குப் பிறகு அவ அவருக்கு மீன் ரெண்டு துண்டு வச்சுக் கட்டுறா."

"ஓம், வச்சதான்" என்றார் அண்ணன். "சம்பளம் கூடினதெண்டு நினைச்சியாக்கும் எண்டு நான் நினைச்சன்."

"கடற்கரை வெயில்ல இருக்கிற மனுசனுக்கு ஒரு துண்டு காணுமா?"

அதற்கு அவர் ஏதோ சொன்னார். டிரைவர் ஸ்டார்ட் பண்ணிய சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டது மட்டும் தெரிந்தது.